சறுக்கல் வரம்பு மீறியது

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, முற்பகல் 11 மணி 20 நிமிடம். அந்த நேரத்தில் பிரஸ் கூடத்தின் கிரேனைச் சுற்றி நின்றவர்கள் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் கண் நன்றாகத் தெரியும். இதை முதல் வரியாக எழுதச் சொன்னேன். பெயர், வயது, முகவரிதான் முதலில் வர வேண்டும் என்று காவல் நிலைய எழுத்தர் சொன்னார். பெயரும் முகவரியும் தனித்தாளில் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, அவர் சொல்கிறபடியே எழுதுங்கள் என்று ஆய்வாளர் சொன்னதால் இப்படியே எழுதப்பட்டது.

வயது இருபத்தாறு. மின்பொறியியல் படித்தவன். திருமணம் ஆகவில்லை. தகட்டை அழுத்தி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் மோட்டார் கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருந்தேன், நேற்று வரை. என் அக்கா வீட்டு மாடியறையில் குடியிருக்கிறேன். என்மேல் இதற்கு முன் வழக்கு எதுவும் இல்லை. இங்கே என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. டீ கொடுத்தார்கள்.

என்மேல் புகார் கொடுத்திருப்பவர் அந்தத் தொழிற்சாலையின் மேலாளர். முதலாளியின் மகளைக் கட்டியவர். அதனால் கூடத்தில் எல்லாரும் அவரை, அவர் காதில் விழாத தூரத்தில், மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம். இந்த வாக்குமூலத்திலும் அப்படியே சொல்கிறேன். நான் கிரேனின் புரோகிராமை மாற்றினேன் என்பதும், அவருடைய கையை நசுக்கப் பார்த்தேன் என்பதும் புகார். முதலாவது பொய். இரண்டாவதை வரிசைப்படி சொல்கிறேன். நடுவில் நிறுத்தினால் எனக்குக் கோபம் வரும் என்றும் சொல்லிவிட்டேன்.

பிரஸ் கூடத்தில் அச்சுகளை மாற்றுவதற்கு ஒரு கிரேன் உண்டு. அச்சு என்றால் ஒரு சிறிய காரின் எடையுள்ள இரும்புக் கட்டை. அதைத் தூக்கிக்கொண்டு வந்து, மேடைக்கு ஒரு சாண் மேலே அப்படியே அந்தரத்தில் நிறுத்துவோம். இதற்கு மிதப்பு என்று பெயர். மிதப்பில் இருக்கும்போது பிரேக் பிடித்திருக்காது. மோட்டார் மட்டுமே அச்சைத் தாங்கும். அப்போதுதான் அச்சை மயிரிழை மயிரிழையாக இறக்கி மேடையில் பொருத்த முடியும். மிதப்பு சரியாக நின்றால் பச்சை விளக்கு எரியும். பச்சை எரிந்தால் ஒருவர் இடைவெளிக்குள் கையை விட்டு, மேடையின் துளைகளில் பின் எனப்படும் இரும்பு முளைகளை நட வேண்டும். பச்சை எரிந்தால் கை விடலாம் என்று தூணில் எழுதி ஒட்டியவர் மாப்பிள்ளை. கையை விடுகிறவர் என் அத்தான்; அதாவது என் அக்கா கணவர்.

அந்தக் கிரேனில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். வீட்டில் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் அந்த இனம்தான், இது பெரியது. அதன் உள்ளே காந்தப்புலம் முன்னால் சுற்றி ஓடும். நடுவில் இருக்கும் ரோட்டார் அதைத் துரத்தும். பிடிக்கவே பிடிக்காது, எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடும். அந்தப் பின்தங்கலுக்குச் சறுக்கல் என்று பெயர். அந்தச் சறுக்கல் இல்லாவிட்டால் அந்த மோட்டாருக்கு இழுவிசையே கிடையாது. சறுக்கினால்தான் இழுக்கும். அளவுக்கு மீறிச் சறுக்கினால் கைவிடும். இந்த இடத்தில் எழுத்தர், “நாங்க திருடனைத் துரத்தற மாதிரின்னு வெச்சுக்கலாமா தம்பி?” என்று கேட்டார். வைத்துக்கொள்ளலாம் என்றேன். அதை எழுத வேண்டாம் என்று ஆய்வாளர் சொன்னார். அதற்குள் எழுதப்பட்டுவிட்டது.

அந்த மோட்டாரின் இழுவிசை இரண்டு அளவுகளின் பெருக்கல். ஒன்று மின்னோட்டம்; அளக்கலாம். இன்னொன்று ரோட்டாருக்குள் இருக்கும் காந்தம். அதை அளக்க முடியாது, கணக்குப் போட்டு ஊகிக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு ரோட்டாரின் மின்தடை தெரிய வேண்டும். மின்தடை சூட்டில் ஏறும். காலையில் ஒன்றாக இருந்தது மாலையில் ஒன்றரையாக இருக்கும். ஆக, கண்ணில் படாத ஒன்றை, நிலையாக நிற்காத ஒன்றால் கணித்து, அதை நம்பித்தான் ஒருவர் தலைக்குப் பக்கத்தில் இரும்பைத் தொங்கவிடுகிறோம். இரண்டு பங்கு கொடுத்தால் இரண்டு பங்கு வரும் என்ற நேர்க்கணக்கு இங்கே செல்லாது. அதனால் நேரிலாக் கட்டுப்பாடு என்று ஒரு முறை வேண்டியிருக்கிறது. “நேரிலான்னா? நேர்மை இல்லாததா?” என்று எழுத்தர் கேட்டார். நேரிலா என்றால் நேர்கோட்டில் போகாதது. நேர்மை இல்லாதது மேலாளர் என்றேன்.

அந்தக் கிரேனுக்கு நான் எழுதி ஏற்றியது ஸ்லைடிங் மோட் என்ற வகைக் கட்டுப்பாடு. அச்சு நிற்க வேண்டிய இடத்திலிருந்து இம்மி கீழே போனாலும் முழுப் பலத்தோடு மேலே தள்ளும். இம்மி மேலே போனால் கீழே தள்ளும். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் இப்படி மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டே இருக்கும். ஊகம் தப்பானாலும், மோட்டார் சூடானாலும் அச்சு அசையாது. அதன் ஒரே குறை சத்தம். மிதப்பில் நிற்கும்வரை மோட்டார் கிர்ரென்று உறுமும். சத்தத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. நிற்க வேண்டிய இடத்துக்கு மேலும் கீழும் ஒரு பட்டையை வைத்து, அந்தப் பட்டைக்குள் இருக்கும்வரை மெதுவாகத் தள்ளு என்று சொல்லலாம். மெல்லிய பட்டை என்றால் கொஞ்சம் சத்தம், இரும்புப் பிடி. அகலமான பட்டை என்றால் சத்தமே இல்லை, பிடியும் பேருக்குத்தான். குளிர்ந்த மோட்டாரில் அந்த வித்தியாசம் வெளியே தெரியாது. சூடான மோட்டாரில் தெரியும். இதற்குமேல் இதில் விளங்கிக்கொள்ள ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கு இதை நான் விளக்கியிருக்கிறேன். படம் போட்டே விளக்கியிருக்கிறேன்.

அவருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. உதிரிபாகங்கள் வாங்க வருகிறவர்கள் கூடத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று என்னைக் கூப்பிட்டார். பேச்சு இப்படி நடந்தது.

“என்னய்யா இது, பல் டாக்டர் ரூமாட்டம் இருக்கு? வர்றவங்க வாயைப் பொத்திக்கிட்டு ஓடிடுவாங்க. நிறுத்து அந்தச் சத்தத்தை.”

“சத்தத்தை நிறுத்தினா பிடி விட்டுடும் சார். மோட்டார் சூடானதும் அச்சு இறங்கும்.”

“இதுவரைக்கும் எப்பவாவது இறங்கியிருக்கா?”

“சத்தம் இருக்கறதாலதான் சார் இறங்கல.”

“எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கே. போ, போய் வேலையைப் பாரு.”

நான் பட்டையை மாற்றவில்லை. அதன் பிறகு அந்த வாரத்திலேயே என்னை அடுத்த ஊரிலுள்ள கிளை ஆலைக்கு, அங்கே ஒரு பம்பு சரியாக ஓடவில்லை என்று அனுப்பினார். அங்கே போய்ப் பார்த்தால் பம்பு நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நான் அங்கே இருந்தபோது அவர் தம் பாஸ்வேர்டைப் போட்டு, பட்டையின் அகலத்தை ஏழு மடங்கு ஆக்கினார். எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்பது நான் போட்ட படத்திலிருந்து அவருக்குத் தெரிந்திருந்தது. கூடம் பரீட்சை ஹால் மாதிரி அமைதியானது. வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்களாம். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். யாரிடமும் எதுவும் சொல்லப்படவில்லை.

அதற்கு அடுத்த நாள் பிற்பகல், நான் கிளை ஆலையிலிருந்து திரும்பும் முன், வேலை முடியும் நேரத்தில், அத்தான் பின் நடப் போனார். கிரேன் காலையிலிருந்து ஓய்வில்லாமல் ஓடியிருந்தது. கிரேனை இயக்கியவர், எப்போதும் ரிமோட் பெட்டியும் கையுமாகவே இருப்பதால் ரிமோட்டு என்று நாங்கள் கூப்பிடும் தொழிலாளி. மிதப்பு நின்றது. பச்சை எரிந்தது. அத்தான் வலக்கையை உள்ளே விட்டார். அச்சு முதலில் மெதுவாக இறங்கியது. சத்தம் இருந்திருந்தால் அந்தச் சத்தம் மாறியிருக்கும், ரிமோட்டு நிமிர்ந்து பார்த்திருப்பார். சத்தம் இல்லை. அதன் பிறகு மோட்டார் தாங்க முடியாமல் கைவிட்டது. பிரேக் விழுந்து பிடிப்பதற்குள் அச்சு மேடையைத் தொட்டுவிட்டது. கட்டைவிரல் வெளியே இருந்தது. மற்ற நான்கும் உள்ளே இருந்தன.

அப்போது கிரேனின் திரையில் ஒரு வரி வந்தது. சறுக்கல் வரம்பு மீறியது என்று வந்தது. முன்பு அந்தத் திரையில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும், யாருக்கும் புரியாது, பொத்தானை அழுத்தி அழுத்தி அணைத்துவிடுவார்கள். கூடத்தில் எல்லாரும் படிக்கட்டும் என்று அத்தனையையும் தமிழில் மாற்றி ஏற்றியவன் நான்தான். ரோட்டார் அளவுக்கு மீறிப் பின்தங்குகிறது என்பதுதான் அந்த வரியின் பொருள்.

மருத்துவமனையில் அத்தான் போட்டிருந்த கையுறையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அக்காவிடம் கொடுத்தார்கள். அக்கா அதைத் திறந்து பார்க்கவில்லை. நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “கட்டைவிரல் இருக்குல்ல?” என்று மருத்துவரிடம் கேட்டாள். இருக்கிறது என்றார். “அது போதும்” என்றாள். யாருக்குப் போதும் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு தொழிற்சாலை ஆய்வு அதிகாரி வந்தார். காலையில், கூடம் திறந்தவுடன் வந்தார், இல்லை, வரவழைக்கப்பட்டார். மோட்டார் இரவெல்லாம் சும்மா கிடந்து சில்லென்று இருந்தது. அச்சைத் தூக்கி மிதப்பில் நிறுத்தினார்கள். அசையவில்லை. அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார். நான் முன்னால் போய், நாள் முழுக்க ஓடவிட்டுச் சாயங்காலம் பாருங்கள் என்று சொன்னேன். மாப்பிள்ளை அவர் தோளில் கை போட்டுக்கொண்டு, “மோட்டார் என்ன சார் இஸ்திரிப் பெட்டியா, சூடானாத்தான் வேலை செய்யுமா? சின்னப் பையன், மச்சானுக்கு அடிபட்ட வருத்தத்துல பேசறான்” என்றார். அதிகாரி சிரித்தார். மோட்டாருக்குச் சூடு உண்டு, அவருக்குச் சூடும் இல்லை சொரணையும் இல்லை என்று நான் சொன்னேன். மனசுக்குள் அல்ல, வாய்விட்டு. என்னைக் கூடத்துக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மாப்பிள்ளை எழுதிக்கொடுத்ததை வைத்து அதிகாரியின் அறிக்கை வந்தது. திரையில் பதிவானபடி, தொழிலாளி சறுக்கியதால் கை உள்ளே சிக்கியது; கருவியில் குறை இல்லை என்று எழுதியிருந்தது. நான் மாப்பிள்ளையின் கண்ணாடி அறைக்குப் போனேன்.

“சார், அது ஆள் சறுக்கினது இல்ல. மோட்டார் சறுக்கினது. சறுக்கல்ங்கறது மோட்டாரோட அளவு.”

“திரையில தமிழ்ல எழுதினது யாரு?”

“நான்தான்.”

“சறுக்கல்னா சறுக்கல். மோட்டாரா ஆளான்னு நீ எழுதலையே. நான் என்ன பண்ணட்டும்?” என்று சொல்லிவிட்டு, “ஆனைக்கும் அடி சறுக்கும். உங்க அத்தான் என்ன, ஆனையை விடப் பெரிய ஆளா?” என்றார்.

இது அவருக்குத் தெரியாமல் வந்த தப்பு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த ஆட்கள் அந்தத் தொழிற்சாலையில் இரண்டே பேர். ஒருவன் நான். சொல்லிக்கொடுத்தவன் நான் என்பதால் இன்னொருவர் அவர்.

அத்தானை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கவனக்குறைவு என்றார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு நாள் காலையில் நான் கீழே இறங்கி வந்தபோது அத்தான் சட்டைப் பொத்தானை இடக்கையால் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. அக்கா போட்டுவிட வந்தாள். “இரு, நானே போடறேன்” என்றார். அதன் பிறகும் வரவில்லை. அக்கா பார்க்காதது மாதிரி வேறு பக்கம் திரும்பி நின்று துணி மடித்தாள். அத்தான் என்னைப் பார்த்து, “டேய், அன்னிக்குக் கீழே எண்ணெய் கொட்டியிருந்துச்சோ என்னவோ. நான்தான் சறுக்கிட்டேன் போலடா” என்றார். எண்ணெய் கொட்டவில்லை. அவர் சறுக்கவில்லை. இருந்தாலும் அவர் கண்ணைப் பார்த்தேன், நம்பித்தான் சொன்னார். கூடத்தில் இருந்தவர்கள் பார்க்க வந்தபோது அவர்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறார். ஒரு மனிதனின் கையையும் எடுத்துக்கொண்டு, அதற்குக் காரணமும் அவனே என்று அவனையே நம்பவைப்பது சின்ன விஷயம் இல்லை. அந்தக் காலையில்தான் நான் முடிவு செய்தேன். அவர் முதலாளி வீட்டு மாப்பிள்ளை என்றால், இவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. யார் சறுக்கினார் என்பதை அவர் வாயாலேயே, அவர் மாமனார் முன்னாலேயே சொல்லவைப்பது என்று முடிவு செய்தேன். பழி வாங்குவது என்று எழுத வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். எழுதுங்கள் என்றேன். அதுதான் சரியான சொல்.

பட்டையின் அகலம் மாறாமல் அப்படியே இருந்தது. மாற்றினால் குறை இருந்ததாக ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடும் என்பதால் மாப்பிள்ளை அதைத் தொடவில்லை. அதன் பிறகு கூடத்தில் யாரும் கையை உள்ளே விடுவதில்லை. கம்பியால் தட்டித்தான் பின் நட்டார்கள். பச்சை எரிந்தால் கை விடலாம் என்ற தாள் மட்டும் தூணிலேயே இருந்தது.

மார்ச் 14ஆம் தேதி இன்னொரு குழு வருகிறது, முதலாளியும் கூட வருகிறார் என்று தெரிந்தது. அன்று காலை ஷிப்ட் தொடங்கியதும் ரிமோட்டுவிடம் போய், ஒத்திகை பார்க்க வேண்டும், ஆக எடை கூடிய அச்சைத் தூக்கி இறக்கிக்கொண்டே இரு என்று சொன்னேன். “எதுக்குண்ணே, காலங்காத்தால?” என்றார். வயதில் அவர் மூத்தவர்தான். படித்தவன் என்று என்னை அண்ணே என்பார். மாப்பிள்ளைக்குப் பெருமை சேர்க்க என்றேன். ரிமோட்டுவுக்கு என் எண்ணம் தெரியாது. இதைத் தனிப் பத்தியாக எழுதச் சொன்னேன். எழுத்தர் இடம் போதாது என்றார். ஆனாலும் அவருக்குத் தெரியாது.

மூன்று மணி நேரத்துக்கு மேல் அச்சு ஏறி இறங்கியது. மாப்பிள்ளை கண்ணாடி அறையிலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்தார். நான் அக்கறையாக வேலை செய்கிறேன் என்று நினைத்துக் கையை உயர்த்திக் காட்டினார். நானும் காட்டினேன். மோட்டாரின் மேல்மூடியில் கை வைத்துப் பார்த்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். கிரேனின் புரோகிராமில் ஒரு எண்ணைக்கூட நான் தொடவில்லை. மோட்டாரைச் சூடாக்கினேன். அவ்வளவுதான். மோட்டாரைச் சூடாக்குவது குற்றம் என்றால் அந்தத் தொழிற்சாலை தினமும் குற்றம் செய்கிறது.

அதன் பிறகு அவர்கள் வந்தார்கள். முதலாளி, மாப்பிள்ளை, வாங்க வந்த நான்கு பேர், கூடத்தின் ஃபோர்மேன், ரிமோட்டு, நான். மாப்பிள்ளை வந்தவர்களைப் பார்த்து, “சத்தமே கேட்காது, பாருங்க. பூனை நடக்கற மாதிரி” என்றார். ரிமோட்டு அச்சைத் தூக்கி மிதப்பில் நிறுத்தினார். பச்சை எரிந்தது. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அவசரப் பிரேக்கின் பொத்தான் தொங்கும் கேபிளை நான் என் இடக்கையில் எடுத்துக்கொண்டேன். வலக்கையில் ஒரு பின்னை எடுத்து மாப்பிள்ளையிடம் நீட்டினேன்.

“சார், பின் நடறதையும் காட்டிடுங்க.”

“ரிமோட்டு நடட்டும்.”

“ரிமோட்டு கையில ரிமோட் இருக்கு சார். பச்சை எரிஞ்சா யாரு வேணும்னாலும் கை விடலாம்னு நீங்கதானே ஒட்டியிருக்கீங்க.”

வந்தவர்களில் ஒருவர் தூணில் இருந்த தாளைப் படித்தார். முதலாளிக்கு இதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. “போடுங்க மாப்பிள்ளை, என்ன யோசனை?” என்றார். அவர் சொன்னது கேலிப்பெயர் இல்லை. அவர் அப்படித்தான் கூப்பிடுவார். மாப்பிள்ளை பின்னை வாங்கினார். இடைவெளி வரைக்கும் கையைக் கொண்டுபோனார். அங்கே நிறுத்தினார். பின் நழுவிக் கீழே விழுந்தது. அந்த நேரத்தில் நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்தது உண்மை. இழுக்கவில்லை, தள்ளவில்லை, பிடித்திருந்தேன். “விடுய்யா” என்றார். “ஏன் சார்? கருவியில குறை இல்லையே” என்றேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும்:

“காலையிலிருந்து ஓடியிருக்குடா, சூடா இருக்கும்! விடு!”

நான் விட்டுவிட்டேன். முதலாளி, “சூடா இருந்தா என்ன?” என்று கேட்டார். நல்ல கேள்வி. மாப்பிள்ளை மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். முதலாளி மறுபடியும், இந்தமுறை மெதுவாக, “சூடா இருந்தா என்ன ஆகும், மாப்பிள்ளை?” என்று கேட்டார். மாப்பிள்ளை குனிந்து, விழுந்த பின்னைத் தேடினார்.

அதன் பிறகு நான் மாப்பிள்ளையின் தலையிலிருந்த வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றினேன். மேலாளர்களுக்கு மட்டும்தான் வெள்ளை. அதை இடைவெளிக்குள், அத்தானின் கை இருந்த இடத்தில், வைத்தேன். யாரும் தடுக்கவில்லை. அச்சு கண்ணுக்குத் தெரியாமல் இறங்கி ஹெல்மெட்டின் உச்சியைத் தொட்டது. ஹெல்மெட் கொஞ்சம் முனகியது. பச்சை எரிந்துகொண்டே இருந்தது. அதன் பிறகு மோட்டார் கைவிட்டது. பிரேக் விழுந்தபோது ஹெல்மெட் தட்டு மாதிரி ஆகியிருந்தது. வந்தவர்களில் ஒருவர் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

திரையில் அந்த வரி வந்தது. நான் சத்தமாகப் படித்தேன். படித்துவிட்டு, “சறுக்கினது யாரு சார்?” என்று கேட்டேன். ஒன்பது பேரும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தோம். ஃபோர்மேன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். முதலாளி திரையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், வெளியே போய்க் காரில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார். காரின் பின்கதவைத் திறக்கப் பார்த்தார், உள்ளிருந்து பூட்டியிருந்தது. கூடத்தின் ஜன்னல் வழியாக எல்லாரும் பார்த்தோம். கார் போய்விட்டது. ரிமோட்டு, “இப்போ மாப்பிள்ளையா, ஆப்பு வாங்கின பிள்ளையா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை, நான் சிரித்தேன். அதன் பிறகு இரண்டு மணி நேரத்தில் என்மேல் புகார் வந்தது.

ஆய்வாளர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மாப்பிள்ளை உண்மையிலேயே கையை உள்ளே விட்டிருந்தால், பிரேக் பொத்தான் உன் கையில்தானே இருந்தது, அழுத்தியிருப்பாயா என்று கேட்டார். யோசித்துப் பதில் சொல், இதுதான் உன் வழக்கு என்றும் சொன்னார். யோசிக்க வேண்டியதில்லை. என் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அழுத்தியிருப்பேன். ஆனால் அச்சு இறங்க ஆரம்பித்தவுடன் அழுத்தியிருப்பேன் என்று சொல்ல மாட்டேன். இரும்பு அவர் விரல்களைத் தொடும்வரை, தொட்டு அவர் அதை உணரும்வரை காத்திருப்பேன். அதற்குள் மோட்டார் கைவிட்டிருந்தால் பிரேக் நேரத்துக்குப் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். இதை எழுதினால் உனக்குத்தான் பாதகம் என்று ஆய்வாளர் சொன்னார். எழுத்தரும் பேனாவை வைத்துவிட்டு, “தம்பி, உடனே அழுத்தியிருப்பேன்னு சொல்லிட்டா என்னப்பா?” என்றார். நல்ல மனிதர். ஆனால் ஒரு சொல்லை மாற்றி எழுதியதில்தான் இவ்வளவும் வந்தது. என் வாக்குமூலத்தில் ஒரு சொல்லும் மாறக் கூடாது என்று சொன்னேன். எழுதினார்.

நேற்று மாலை அக்கா இங்கே வந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம். “உனக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த வீட்ல பாக்கறதுக்கு யாருடா இருக்கா?” என்று கேட்டாள். அத்தான் என்ன சொன்னார் என்று கேட்டேன். ரிமோட்டு வீட்டுக்கு வந்து நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினாராம். அத்தான் முழுவதையும் கேட்டுவிட்டு, தன் இரண்டு கால்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதன் பிறகு, “அப்போ நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்திருக்கேன்” என்றாராம். அதைச் சொல்லும்போது அக்கா அழுதாள். இதற்காக எனக்கு என்ன தண்டனை கிடைத்தாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை; தண்டனை எனக்குப் பிடிக்காது. ஆனால் செய்ததைத் திரும்பச் செய்வாயா என்றால் செய்வேன்.

மேலே உள்ளதெல்லாம் நான் சொல்ல எழுத்தர் எழுதியது. எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு இடங்களில் ‘மோட்டார்’ என்பதில் எழுத்து விட்டுப்போயிருந்தது, திருத்தச் சொன்னேன். வேறு குறை இல்லை. நான் கண்டதும் செய்ததும் நினைத்ததும் இவ்வளவே, இதில் கூட்டியது எதுவும் இல்லை என்று அறிந்து கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்)

பிற்சேர்க்கை: ஜாமீனில் விட்டால் சாட்சிகளைத் தொந்தரவு செய்யாமல் ஒழுங்காக இருப்பாயா, என்ன செய்வதாக உத்தேசம் என்று ஆய்வாளர் கேட்டதற்கு நான் சொன்னது:

1. தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்குப் போய், சூடான மோட்டாரில் மறுசோதனை கேட்பேன். கொடுக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கு இப்போது வேலை இல்லை.

2. பட்டையைப் பழைய அகலத்துக்கு அவர்கள் கொண்டுவரும்வரை, பிரஸ் கூடத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், கை விடாதீர்கள் என்று சொல்வேன். அது தொந்தரவு என்றால் தொந்தரவு செய்வேன்.

3. இந்த வழக்கில் ஒரு தடவையும் வாய்தா கேட்க மாட்டேன். கூண்டில் ஏறும் மாப்பிள்ளையிடம் என் வக்கீல் கேட்க வேண்டியது, அவர் மாமனார் கேட்ட அதே கேள்விதான். வேறு எதுவும் கேட்க விடமாட்டேன்.

4. அறிக்கையில் ‘தொழிலாளி’ என்பதை அடித்துவிட்டு ‘மோட்டார்’ என்று மாப்பிள்ளை தம் கையாலேயே எழுதித் தர வேண்டும். தட்டச்சு செய்து கொடுத்தால் வாங்க மாட்டேன். அவருக்குத்தான் கை இருக்கிறதே.

5. அவர் மன்னிப்புக் கேட்க எங்கள் வீட்டுக்கு வந்தால், அத்தான் அவரை உட்காரச் சொல்வார். அத்தானின் சுபாவம் அது. நான் நாற்காலியை எடுத்துவிடுவேன்.